ஐந்து வாரம் தாங்கும்

வேக்ஸிங் செய்தால் மூன்று வாரம் தாங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் கையில் ஐந்து வாரம் தாங்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, செய்முறை ஒழுங்காக இருந்தால் யார் கையிலும் தாங்கும். முடி ஓர் அரிசியின் நீளத்துக்காவது வளர்ந்திருக்க வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் மெழுகு பிடிக்காது, பாதியில் ஒடியும். ஒடிந்தது சில நாளிலேயே தலைகாட்டிவிடும். தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, துணிப்பட்டையை மேலே தூக்காமல், தோலை ஒட்டியபடியே ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் அந்த நொடியே உள்ளங்கையை அழுத்தி வைத்தால் பாதி வலி அடங்கிவிடும். அன்றைக்கு வெந்நீர் கூடாது, இறுக்கமான உடை கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இடையில் ரேசர் வைக்கக் கூடாது.

டாக்டர்மேல் வந்த புகாரை விசாரிக்கும் நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும். என் மகளுக்குப் புதிதாக எங்காவது முடி வளர்கிறதா என்று டாக்டர் கேட்டாரா, இல்லையா என்றுதான் கேட்டீர்கள். கேட்கவில்லை என்று நானும் சொன்னால், அவர் இனி யாருக்கும் வைத்தியம் பார்க்க முடியாது என்பதையும் பொறுமையாக விளக்கினீர்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு என் கணவரோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். எழுதித் தருகிறேன் என்று நான்தான் தாள் கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு இவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் என் பார்லர். ஒரு கட்டில், ஒரு திரை, மெழுகு உருக்கும் மின்சட்டி, பவுடர் டப்பா, வெட்டி அடுக்கிய பட்டைகள். கூட்டம் வந்து மோதும் கடையல்ல. ஆனால் ஒருமுறை வந்தவர்கள் வேறு இடத்துக்குப் போனதில்லை. வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: முடியெல்லாம் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை, முறை வைத்து முளைக்கும். நாள் தவறாமல் ஒரே இடைவெளியில் எடுத்துக்கொண்டே வந்தால் எல்லாம் ஒரே முறைக்கு வந்துவிடும். போகப்போக வேரும் சோர்ந்து, வளர்வது மெலியும். அதுவரை பொறுக்க வேண்டும்.

"அப்போ அதுவரைக்கும் கரடி மாதிரி திரியணுமாக்கா?" என்று கேட்பார்கள்.

"குளிர்காலந்தானே, கதகதப்பா இருக்கும்" என்பேன்.

நம்பாதவர்களுக்குக் காட்ட என் மகள் இருந்தாள். வீட்டில் அவளைப் பட்டாணி என்போம். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்ததால் அவள் அப்பா வைத்த பெயர். வளர்ந்து என்னைவிட உயரமான பிறகும் பட்டாணிதான். கல்லூரிக்குப் புறப்படுகிறவளை வாசலில் நிறுத்தி, "கையைக் காட்டு" என்பேன். காட்டுவாள். வந்திருக்கும் பெண் தடவிப் பார்ப்பாள். "இது நாலாவது வாரம்" என்பேன் நான். அவள் கையைப் படம்பிடித்துப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தேன்.

"உன் கடைக்கு விளம்பரம் பண்ணத்தான் என்னைப் பெத்தியாம்மா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பின்ன? சம்பளம் குடுத்து ஆள் வெக்க நமக்கு வசதி இருக்கா?"

"அப்போ எனக்கும் விடுமுறை வேணும். ஞாயித்துக்கிழமை இந்தக் கை வேலை செய்யாது." அன்று முழுவதும் தட்டைக்கூட எடுத்து வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். நீண்ட பயணம் போய் வாரங்கள் கழித்துத்தான் வருவார். வீட்டில் பெரும்பாலும் நாங்கள் இருவர் மட்டும். அவள் பேசிக்கொண்டே இருப்பாள், நான் வேலை செய்துகொண்டே இருப்பேன்.

எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் கண்டிப்பான பெண்மணி. முதல் நாளே எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்: "வயசுப் பொண்ணுக்குத் திடீர்னு தாடையில, நெஞ்சுல, வயித்துல தடிச்ச முடி வந்தா பட்டையைக் கீழ வெச்சிடுங்க. அது நம்ம வேலையில்ல. டாக்டர்கிட்ட அனுப்புங்க." நான் அதை மறந்ததே இல்லை. டியூஷன் எடுக்கும் ஒரு பெண்ணை அப்படித்தான் அனுப்பினேன். அவள் முகம் சுளித்தாள். "முடி எடுக்க வந்தா நோயாளியாக்கிட்டீங்களே" என்று கோபித்துக்கொண்டு போனவள், சில மாதம் கழித்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சூற்பையில் ஏதோ கட்டி இருந்ததாம், நல்ல நேரத்தில் எடுத்துவிட்டார்களாம். அந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பட்டாணியிடமும் சொல்லியிருக்கிறேன்.

என் மகளுக்கு ஐந்து வாரம் தாங்கியது நான்காயிற்று. பிறகு மூன்று. நான் மெழுகைத்தான் சந்தேகப்பட்டேன். சரக்குக் கொண்டுவருகிறவனிடம், "கலப்படம் பண்றியா?" என்று சண்டை பிடித்தேன். அவன் சத்தியம் செய்தான். வேறு ஆளிடம் வாங்கினேன். மற்றவர்களுக்கு எல்லாம் எப்போதும்போல் தாங்கியது. அவளுக்கு மட்டும் இரண்டு வாரத்தில் கை சொரசொரத்தது. அப்போது என் புத்திக்கு எட்டியது ஒன்றுதான்.

"நீ நடுவுல ரேசர் வெச்சிருக்கே."

"இல்லம்மா."

"பொய் சொல்லாத. நுனி பாரு, வெட்டுன மாதிரி தடிச்சிருக்கு."

"அம்மா, நான் உன் பொண்ணு. கொலை பண்ணிட்டு வந்தாக்கூட எங்கம்மா சோறு போடுவாங்க, ரேசர் வெச்சா வீட்டை விட்டுத் தொரத்திடுவாங்கன்னு காலேஜ் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன்."

நான் சிரிக்கவில்லை. அவள் குளிக்கப் போனபோது பையைக் கொட்டிப் பார்த்தேன். அலமாரியைத் துழாவினேன், தலையணை உறைக்குள்ளும் கைவிட்டேன். ரேசர் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரமே தாடையின் கீழ் முளைத்திருந்ததைப் பார்த்தேன். பிறகு நெஞ்சில். பிறகு தொப்புளுக்குக் கீழே கறுப்பாக ஒரு கோடு. என் கணவரிடம், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். அவரும் அதைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார். அது உண்மையல்ல. அந்தக் கோட்டைப் பார்த்தபோதே கற்றுத் தந்தவரின் குரல் காதில் கேட்டது. பட்டையைக் கீழே வை என்றது. நான் மெழுகைச் சூடாக்கினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பள்ளியில் என்னை மீசை என்று கூப்பிட்டார்கள். ஆசிரியை ஒருத்தி வருகைப்பதிவு எடுக்கும்போது ஒரு பையன், "மீசை வந்திருக்கு டீச்சர்" என்றான். அவளும் சிரித்துவிட்டாள். என் மகளை ஒருவரும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று நினைத்தேன். அதைவிட ஒரு சின்னக் காரணமும் இருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சுவரில் அவள் கை தொங்குகிறது. பெற்ற பெண்ணுக்கே தாங்காத கைக்கு மற்றவர்கள் எதற்கு வர வேண்டும்?

அதன் பிறகு அவளை வாசலில் நிறுத்தவில்லை. கடையைச் சாத்திய பிறகு உள்ளே கூப்பிட்டேன். வாரம் ஒருமுறை, அப்புறம் அதற்கும் முன்னாலேயே. முகம், கழுத்து, நெஞ்சு, வயிறு, முதுகு. சரியான நீளம் வரக் காத்திருக்க நேரமில்லாததால் சிலவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் வேலை செய்ததில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், ஒரு முடி தெரியாது. முதுகு செய்யக் குப்புறப் படுக்கச் சொன்னபோது, "இடப்பக்கம் உள்ள என்னமோ அழுத்துதும்மா" என்றாள். ஒரு துண்டை மடித்து அடியில் வைத்தேன். "இப்போ?" என்று கேட்டேன். "இப்போ பரவாயில்ல" என்றாள்.

அவள் குரலும் கனத்தது. போனை எடுத்தால் அப்பா என்று நினைத்துப் பேசினார்கள். "லாரி இப்போ மேம்பாலத்துல நிக்குது, அப்புறம் பேசறேன்" என்று அவர் மாதிரியே பேசி வைத்துவிட்டுச் சிரிப்பாள். சளி பிடித்திருக்கிறது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். அவள் சிரிக்காத நாட்களும் வந்தன. கண்ணாடி முன்னால் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பாள். என்னைக் கண்டதும் தலை வாருவாள்.

அவளுக்கு மாதவிலக்கு நின்றது. அதை மறைக்க முடியவில்லை, நானும் மறைக்க நினைக்கவில்லை. அது எல்லாப் பெண்களுக்கும் வருகிற சிக்கல்தான். டாக்டரிடம் போகலாம் என்று நான்தான் சொன்னேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அழைத்துப் போனது நான்தான். அதற்கு முந்தின நாள் அவளைக் கட்டிலில் படுக்கச் சொன்னேன்.

"உடம்பு சரியில்லன்னு போறோம்மா. போட்டோ எடுக்கப் போகல" என்றாள்.

"எங்க போனாலும் சுத்தமா போகணும்."

நான் முடித்ததும் பட்டை ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை அவங்ககிட்டச் சொல்லணுமில்லம்மா?"

"எதை?"

"இதைத்தான். டியூஷன் அக்காவை நீ அனுப்பினியே."

"அது வேற. இது தோல் சமாச்சாரம். அவங்க பார்க்கிறது உள்சமாச்சாரம். ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

அவள் பட்டையைக் குப்பையில் போட்டாள். சிவந்த இடத்தில் எல்லாம் நான் குளிர்ந்த களிம்பு தடவினேன். காலையில் சிவப்பு இல்லை.

நாங்கள் போன டாக்டர் பெரிய கண்ணாடி போட்டிருந்ததால் பட்டாணி அவருக்குக் கண்ணாடி டாக்டர் என்று பெயர் வைத்திருந்தாள். சின்ன வயதிலிருந்து எல்லாக் காய்ச்சலுக்கும் அவர்தான். அவர் கேட்டார். முதல் கேள்வியாகவே கேட்டார் என்று சொல்லலாம். "முகத்துல, நெஞ்சுல, வயித்துல எங்கயாவது புதுசா முடி வளருதா?" என் மகள் என்னைப் பார்த்தாள். நான், "இல்ல டாக்டர்" என்றேன். அவர் அவளைப் பார்த்தார். அவளும், "இல்ல டாக்டர்" என்றாள். டாக்டர் அவள் தாடையை விரலால் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். "என்ன ஒரு வழவழப்பு. அம்மா கைவண்ணமா?" என்றார். மூவரும் சிரித்தோம். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பரீட்சைப் பதற்றமாக இருக்கலாம் என்று மாத்திரை தந்தார். வேறு எது மாறினாலும் உடனே வரச் சொன்னார். கேட்டவர், பார்த்தவர், இல்லை என்றதை நம்பியவர். இதில் அவருடைய தப்பு எது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் முறை போனபோது குரலைக் கவனித்தார். "சளி" என்றேன். அவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா, நான் இவகிட்டத் தனியாப் பேசறேன்" என்றார்.

"அவ என்கிட்ட எதையும் மறைக்க மாட்டா டாக்டர்" என்றேன்.

"அதில்லம்மா, வழக்கமாக் கேக்கிறதுதான்."

"வேணாம் டாக்டர். அம்மா இருக்கட்டும்" என்றாள் பட்டாணி. என் புடவை நுனியை மேசைக்கு அடியில் பிடித்திருந்தாள். டாக்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். நாங்கள் மறுபடியும் அதே பதிலைச் சொன்னோம்.

கல்லூரிப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே என் கை அவள்மேல் படவில்லை. யார் யாரோ ஊசி போட்டார்கள், குழாய் செருகினார்கள், படம் எடுத்தார்கள். சில நாளில் தாடையில் கறுப்பாக முடி வந்துவிட்டது. ஓர் இளம் டாக்டர் குனிந்து பார்த்து, "இது எத்தனை நாளா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. "இப்பதான்" என்றாள் அவள். சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் வளர்ந்த கட்டிதான் முடியையும் குரலையும் கொண்டுவந்ததாம். ஈரல்வரை போய்விட்டதாம். முடி வர ஆரம்பித்தபோதே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்று அவர் அவள் அப்பாவிடம் சொன்னார். பெட்டியில் துணி எடுத்து வைப்பதுபோல் நான் எதையோ மடித்துக்கொண்டிருந்தேன்.

கட்டிக்கு மருந்து ஏற்றினார்கள். கொஞ்ச நாளில் முடி உதிர ஆரம்பித்தது. முதலில் தலையில், பிறகு எல்லா இடத்திலும். ஒரு காலையில் அவள் தன் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிறுத்திக் காட்டச் சொல்வேனே, அப்படி நீட்டியிருந்தாள்.

"தொட்டுப் பாரும்மா. இழுக்கவே வேணாம், தானா வந்துடுது."

தொட்டுப் பார்த்தேன்.

"வலிக்கவே இல்ல. உன் தொழிலுக்குப் போட்டி வந்தாச்சு. இது எத்தனை வாரம் தாங்கும்?"

"ரொம்ப நாள் தாங்கும்" என்றேன்.

"அப்போ போட்டியில ஆஸ்பத்திரிக்காரங்க ஜெயிச்சிட்டாங்க" என்றாள். பிறகு களைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் கையில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில் ஆற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

அவள் அப்பா லாரியை விட்டுவிட்டு வந்து வார்டிலேயே கிடந்தார். பேச்சுக் குறைந்தவர், அப்போது யாரைப் பார்த்தாலும் கேட்க ஆரம்பித்தார். எப்படி ஒரு டாக்டருக்குத் தெரியாமல் போகும்? ஒருநாள் நேராக மகளிடமே கேட்டார். "கண்ணாடி டாக்டர் உன்கிட்ட முடி வளருதான்னு கேட்டாங்களா பாப்பா?"

"கேக்கலப்பா" என்றாள்.

அவர் மகள் பொய் சொல்ல மாட்டாள். அந்தச் சொல்லை வைத்துத்தான் புகார் கொடுத்தார். அவள் போன பிறகு அவரை உயிரோடு வைத்திருப்பது இந்தப் புகார் ஒன்றுதான். காலையில் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு போக அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. நான் வாய் திறந்தால் அவர் மனைவி மட்டுமல்ல, இறந்துபோன மகளும் பொய்க்காரி ஆவாள். என்னைக் காப்பாற்ற அந்தக் குழந்தை தானாகச் சொன்னதை நான் எப்படி அழிப்பேன் என்றுதான் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நல்ல காரணம் என்றே எனக்குப் பட்டது.

இன்று காலை இங்கே வெளியில் காத்திருந்தபோது பெஞ்சில் இடமில்லை. கண்ணாடி டாக்டர்தான் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். என் கணவர் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் என்னிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை. "நான் கேட்டேன் இல்லம்மா? இல்ல, எனக்குத்தான் கேட்ட மாதிரி ஒரு நினைப்பா?" என்றார். தன் ஞாபகத்தையே அவர் நம்பாமல் போய்விட்டார். ராத்திரி தூங்குவதில்லையாம்.

அவர் கேட்டார். இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இல்லை என்று முதலில் சொன்னவள் நான். இதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். இதை என் கணவரிடம் நீங்களே படித்துக் காட்டுங்கள். என்னால் முடியாது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அவள் தானாகச் சொன்னாள் என்று மேலே எழுதினேன். அதை அடித்துவிடுங்கள். அன்று அவள் அப்பா வார்டு வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே வந்ததும் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, "அப்பா கேட்டா, டாக்டர் கேக்கலன்னு சொல்லிடு கண்ணு" என்றேன். அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று நான் யோசிக்க விரும்பவில்லை. "டாக்டர் பாவம்மா" என்றாள். நான் அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தேன். வாசலில் தண்ணீர்க்குழாயை மூடும் சத்தம் கேட்டது. "சரிம்மா" என்றாள்.

அவள் என் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை. அவ்வளவு பிரியம் அவளுக்கு என்மேல்.